ஒற்றை டி-ஷர்ட்டுக்கு ஒரு ஃபிரேம்

ஜூன் 4
அந்தப் பெரிய கல்லூரியின் பெயர் போட்ட டி-ஷர்ட் இன்றும் எழுபது அடித்தேன். பதினாறு வருடமாக இதே பெயர். துணிமேல் வைத்து மை தேய்க்கிற, எழுத்து பதித்த ஃபிரேமையே மூன்று முறை மாற்றியாயிற்று. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கல்லூரி கேட்டைத் தாண்டியதே கிடையாது. போட்டுக்கொண்டு போனால் ரயிலில் நகர்ந்து இடம் கொடுக்கிறார்களாம்.

ஜூன் 9
மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது, அதே கல்லூரியில். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கையோடு அவள் அளவில் ஒன்று அடித்து, மடித்து, மேசைமேல் வைத்தேன். "தேங்க்ஸ்பா" என்றாள். பிரிக்கவில்லை.

ஜூன் 10
விஷயம் இதுதான். அங்கே கிடைத்தது புள்ளியியல். அவள் ஆசைப்படுவது செயற்கைக் கால் செய்கிற படிப்பு. அது இருப்பது வேறொரு கல்லூரியில். அங்கேயும் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு வாரமாக என்னிடம் சொல்லவில்லை. நான் என்ன, கடித்தா விடுவேன்?
அந்தக் கல்லூரியின் பெயர் ஒரு முழ நீளம். மச்சானிடம் போனில் சொன்னால், "அப்படி ஒரு காலேஜ் இருக்கா?" என்கிறார். எம்பொண்ணு எங்க படிக்கறான்னு நாலு பேர் கேட்டா என்னத்தைச் சொல்றது? வாயில நுழையற பேரா அது?

ஜூன் 11
மதியச் சாப்பாட்டைக் கடைக்கே கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 14
மனைவி நேற்றே சொல்லிவிட்டாள்: "ரெண்டையும் நேர்ல பாத்துட்டு வந்து அப்புறமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குங்க."
காலையில் பெரிய கல்லூரி. வாசலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஏழு பேர் மேல் நான் அடித்த டி-ஷர்ட். பெருமையாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு அதிகாரி அரைமணி நேரம் பேசினார். கல்லூரியின் பெயரைப் பத்தொன்பது முறை சொன்னார், புள்ளியியலை ஒரு முறை.
மதியம் மற்றது. பெயர்ப்பலகையில் பெயின்ட் உரிந்திருந்தது. என் கண் வேறெங்கே போகும்? பட்டறை முழுக்க பிளாஸ்டர் தூசி. முதல் வருட மாணவி ஒருத்தி தரையில் முட்டி போட்டு, செயற்கைக் கால் மாட்டியிருந்த ஒரு லாரி டிரைவரிடம், "எங்கண்ணா உறுத்துது?" என்று கேட்டாள். அவர் காட்டிய இடத்தைப் பென்சிலால் குறித்து, காலைக் கழற்றி, அரத்தால் ராவி, மறுபடி மாட்டினாள். நாலு தடவை. அவர் எழுந்து ஜன்னல் வரை நடந்து திரும்பினார். "இப்ப உறுத்தல."
மகள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15
துணிமேல் அடித்த பெயர் எத்தனை சலவை தாங்கும் என்று எனக்கா தெரியாது? விற்கிறவனே மயங்கினேனே.
பெயரால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை கேட்கப் போகும்போது இவள் நாலு வார்த்தை கூடப் பேச வேண்டியிருக்கும். பேசட்டும், வாய்க்கா பஞ்சம்?
"அங்கயே சேந்துக்கோ" என்றேன். அழுதாள். நானும்தான்.

ஜூலை 2
சேர்ந்துவிட்டாள். நான் அடித்துக் கொடுத்த பெரிய கல்லூரி டி-ஷர்ட்டைத்தான் பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போகிறாள். பிளாஸ்டர் தெறித்தாலும் பரவாயில்லையாம்.

ஜூலை 6
இருபத்தைந்துக்குக் குறைந்தால் புது ஃபிரேம் போடுவதில்லை என்று கடைச் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறேன். இன்று ஒற்றை டி-ஷர்ட்டுக்குப் போட்டேன். மகள் கல்லூரியின் பெயர் மூன்று வரி வந்தது. என் அளவு, தொப்பைக்கும் சேர்த்து.
மாலையில் மச்சான் கடைக்கு வந்தார். என் நெஞ்சை மேலிருந்து கீழே படித்தார்.
"இது என்ன காலேஜ் மாப்ள?"
உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.