மன்னர் உறங்கும் டீசல் வண்டி

மங்கலம் பெருகுக. மேகங்கள் வந்து இளைப்பாறும் சிகரங்களுக்கு உரியவரும், வற்றாச் சுனைகளின் காவலரும், எங்கள் மறைந்த பெருந்தேவியாருக்கு உடன்பிறந்த இளையவருமான நீலக்குன்றத்து அரசர் செழுங்கோவனார் திருமுன்னுக்கு, தாழைத்துறை நாட்டு முதலமைச்சர் மருதூர் கிழார் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் மலையில் தேன் குறையாதிருக்க. தங்கள் சாலைகளில் மண் சரியாதிருக்க. தங்கள் மாளிகையில் எல்லோரும் நன்றாக உறங்குக. கடைசி வாழ்த்தை அமைச்சர் ஒப்புக்கு எழுதவில்லை.

தேவியார் விண்ணேகிய நாள்தொட்டு எங்கள் மன்னர் ஆதனழிசியார் கண்ணயரவில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கசாயம் கொடுத்தாயிற்று, பஞ்சணை மாற்றியாயிற்று, யாழ் வாசித்தவர்தாம் உறங்கிப்போனார். இப்படியே இன்னொரு மழைக்காலத்தை மன்னரின் உடல் தாங்காது என்று மருத்துவர் அமைச்சரைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டார். ஓடும் வண்டியில் உறக்கம் வரலாம் என்று கருதி, டீசலில் ஓடுவது ஒன்றும் பெட்ரோலில் ஓடுவது ஒன்றுமாக இரண்டு மகிழுந்துகளைத் தாங்கள் அனுப்பி, பொருந்தியதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்புக என்று அருளியது அதன்பிறகுதான்.

அவை கூடியது. அப்பப்பா, போருக்குக்கூட அவ்வளவு பேச்சு நடந்ததில்லை! நாள்தோறும் நெடுந்தூரம் ஓடுவோர்க்கே டீசல் கட்டுப்படியாகும், ஏரிக்கரை வரை போய்வருவதற்கு அது எதற்கு என்றார் பண்டாரத் தலைவர். மலையேற்றத்தில் டீசலின் இழுவை பெட்ரோலுக்கு வராதுதான், ஆனால் கிட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் டீசல் வண்டியின் புகை வடிகட்டியில் கரி அடைத்துக்கொள்ளும் என்றார் சாரதி ஓரியார். அந்த உறுமலும் அதிர்வும் நோயுற்றவர்க்கு ஆகவே ஆகாது என்றார் மருத்துவர். அமைச்சரும் தலையாட்டினார். எல்லோரும் சொன்னது சரிதான். எல்லாமே சரியாக இருந்ததால் எவருக்கும் ஐயம் வரவில்லை. பெட்ரோல் வண்டி என்று முடிவாயிற்று.

அந்த வண்டியின் அமைதியை என்னென்று சொல்வது! எஞ்சின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று இறங்கிப் பார்க்கத் தோன்றும். ஏரி மெல்ல வந்து மெல்லப் போகும். அல்லிகள் கண்ணாடியில் மிதக்கும். மன்னரோ விழித்த கண் விழித்தபடி அமர்ந்திருப்பார். ஒருநாள், இந்த அமைதி உமக்கும் இப்படித்தான் கனக்கிறதா என்று அமைச்சரிடம் கேட்டருளினார். அமைச்சர் சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

திருப்பி அனுப்பும் பரிசோடு நகர எல்லை வரை உடன் சென்று வழியனுப்புவது எங்கள் நாட்டு வழக்கம். ஆகவே டீசல் வண்டியைத் தங்களிடம் அனுப்பும் காலையில், மரியாதைக்காக மன்னர் அதில் ஏறினார். முன்னிருக்கையில் அமைச்சர். வண்டி கிர்ரென்று உறுமி, ஒருகணம் மூச்சடக்கி, மறுபடி உறுமியது. தென்னைகள் பனிக்குள் கரைந்துகொண்டிருந்தன. நகர எல்லை வந்ததும் அமைச்சர் திரும்பிப் பார்த்தார். மன்னர் உறங்கிக்கொண்டிருந்தார்.

நிறுத்தட்டுமா என்று சாரதி கண்ணாலே வினவ, நிறுத்தினால் உம் தலை போகும் என்று அமைச்சரும் கண்ணாலே விடை தந்தார். வயல்கள் கனவில் வருவனபோல் வந்து விலகின. அப்போது மன்னர் கண் திறவாமலே, பக்கத்து வெற்றிருக்கையை மெல்லத் தட்டி, வாய்க்குள்ளேயே சொன்னது இது: “தேவி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிப் படேன்.”

அரசே, பொறுத்தருள்க. எங்கள் பெருந்தேவியார் உறக்கத்தில் குறட்டை விடுவார். மேல்மாடத்தில் எழும் அந்த ஒலியை இடி முழக்கம் என்றே காவலர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அரண்மனை மரியாதை; கோடையிலும் அப்படித்தான். அந்த மரியாதையால்தான் மன்னருக்கு இல்லாமற்போனது எது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. சிறுவயதில் ஒரே கூரையின்கீழ் உறங்கிய தாங்கள் இதை அறியாதவர் அல்லர். அமைச்சர் முன்னிருக்கையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அன்றுமுதல் மன்னர் டீசல் வண்டியிலேயே உறங்குகிறார். முகத்தில் ஒளி திரும்பியிருக்கிறது. நிற்காமல் ஓடுவதால் கரியும் அடைக்கவில்லை என்று ஓரியாருக்கு ஒரே மகிழ்ச்சி. குறை ஒன்றுதான்: எங்கள் நாடு சிறியது, மன்னரின் உறக்கம் பெரியது. அது நிறைவதற்குள் தங்கள் எல்லை வாயில் வந்துவிடுகிறது. காவலர் முறைப்படி சங்கூதி முரசறைகின்றனர். மன்னர் திடுக்கிட்டு எழுந்து பக்கத்து இருக்கையைப் பார்க்கிறார். அந்தப் பார்வையை மறுபடி காண அமைச்சருக்குத் திராணி இல்லை.

ஆதலின், டீசல் வண்டியை நாங்களே வைத்துக்கொள்ள இசைவு தருக. தங்கள் எல்லை வாயிலைச் சங்கும் முரசும் இன்றித் திறந்துவைக்குமாறும், மலைச்சாலை போகும்வரை அவ்வண்டியைப் போகவிடுமாறும் ஆணையிடுக. பெட்ரோல் வண்டியைத் திருப்பி அனுப்புகிறோம். இவ்வோலையைச் சுமந்து ஓசையின்றி முன்னே வருவது அதுவே. வழக்கப்படி மன்னர் அதில் உடன் வரவில்லை என்று வருந்தற்க. பின்னாலேயே வருகிறார்.

எஞ்சினை நிறுத்தும் ஆணை மன்னர் வாயிலிருந்து அன்றி வேறெவர் வாயிலிருந்து வந்தாலும் செல்லாது. இது தாழைத்துறையின் இரட்டைமீன் முத்திரை பெற்றது.

முத்திரை அரக்கு உலர்வதற்குள் டீசல் வண்டியும் புறப்பட்டுவிட்டது. மன்னர் இருக்கையில் பாதி இடம் விட்டு ஒதுங்கியே படுத்திருக்கிறார்.