வெலிங்டன் தீவு வரை கலையாது

12-7-1984, வியாழன். மட்டாஞ்சேரி.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கல்லூரியில் இன்று பி.காம். மாணவிகள் தயாரித்த விளம்பரங்களுக்கு மதிப்பெண் போட்டோம். பொருள், தலைமுடி கலையாமல் நிறுத்தும் ஸ்பிரே. மற்ற எல்லாக் குழுவும் சினிமா நடிகை மாதிரி ஒரு பெண்ணை வரைந்து, "புயலிலும் கலையாது" என்றே எழுதியிருந்தது. லலிதாவின் குழு மட்டும் ஸ்பிரேயை அடித்துக்கொண்டு நிஜமாகவே எர்ணாகுளம் படகில் ஏறிப் பார்த்திருக்கிறது. மழைக்கால ஈரக்காற்றில் பாதி வழியிலேயே, படகு வெலிங்டன் தீவைத் தாண்டியதும் கொண்டை சரிந்துவிட்டதாம். அதனால் அவர்கள் எழுதிய வாசகம்: "வெலிங்டன் தீவு வரை கலையாது, நிச்சயம்!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். துறைத் தலைவர் மேனன் சார் சிரிக்கவில்லை. "இது பரஸ்யமோ பராதியோ டீச்சரே?" என்றார். விளம்பரமா புகாரா என்று கேட்கிறாராம்! ஃபெயில் போடச் சொன்னார். அரை மணி நேரம் மல்லுக்கட்டியும் பாஸ் மார்க்குக்கு மேல் ஒன்றுகூட வாங்க முடியவில்லை. கடைசியில் நானும் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

வெளியே வராந்தாவில் லலிதா காத்திருந்தாள். "விளம்பரத்துல பொய் எழுதப்படாதுன்னு டீச்சர்தானே சொன்னேள்? எங்களுக்கு எங்கே தப்பாச்சு?"

மேனன் சாரைச் சொல்லியிருக்கலாம். அவரோடு இன்னும் எத்தனை வருஷம் வேலை பார்க்க வேண்டும்! "எழுத்து சுத்தமா இல்லைடி" என்றேன்.

"அடுத்த தடவை நன்னா எழுதறேன் டீச்சர்" என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அச்சடித்த மாதிரி எழுதுகிற பெண் அவள்.