வெளி வளைவின் மண்

12.05.2024, ஞாயிறு

ஓய்வு நாள். மீன் ஆணத்தை அடுப்பில் வைத்துவிட்டு, போலந்தில் நேற்று நடந்த பந்தயத்தைப் போனில் பார்த்தேன். நான்கு பேர், நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம். ஸ்பீட்வே பைக்குக்குப் பிரேக் கிடையாது. நீள்வட்டமான மண் பாதையில் எப்போதும் இடப்பக்கம்தான் திரும்புவார்கள். திரும்பும்போது பின்சக்கரம் வெளியே சறுக்கிப் போகும், முன்சக்கரம் எதிர்ப்பக்கம் பார்க்கும். விழப்போகிறவன் விழாமலே போய்க்கொண்டிருப்பான். நான் பார்ப்பது அதற்காகத்தான். அந்த நேரம் எல்லாம் மெதுவாகிவிடுகிறது, தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்ப்பதுபோல.

முபாறக் உப்பளத்திலிருந்து சாப்பிட வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கல்யாணம் முடித்துப் பதினாறு வருடமாக அதே கேள்வி. “வட்டத்தச் சுத்திச் சுத்தி எங்கதான் போறானுகள்?”

ஆணம் அடிப்பிடித்துவிட்டது. அதையும் சாப்பிட்டார், பாவம்.

15.05.2024, புதன்

வார்டில் இரண்டு பொடியன்கள். கற்பிட்டி ரோட்டில் பைக்கில் போட்டிக்கு ஓடியிருக்கிறார்கள். ஒருவனுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. எதிரே வந்த சைக்கிள்காரருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பைக் பந்தயம் செத்துப்போய்விட்டது என்கிறார்கள். எங்கே சாகிறது? ரோட்டுக்குப் போயிருக்கிறது. கனமூலை மைதானத்தில் முந்திய வருடம் இருபத்திரண்டு பேர் ஓடினார்கள். போன வருடம் பதினொன்று. இங்கிலாந்திலும் ஒரு பழைய மைதானத்தை வீடு கட்டவென்று மூடுகிறார்களாம். கடைசிப் பந்தயப் படத்தில் நரைத்த தலைகள்தான் கூடுதலாகத் தெரிந்தன. எல்லா ஊரிலும் ஒரே கதையா?

எனக்கு ஒரு காரணம் தெரியும். எங்கள் மைதானத்தில் முதல் வளைவில் முன்னால் போனவன்தான் கடைசி வரைக்கும் முன்னால். உள்பக்கம் மட்டும் ஓடத் தகுந்தது, வெளிப்பக்கம் சீமெந்துத் தரைபோல இறுகிக் கிடக்கிறது. முந்துவதற்கு வழியே இல்லை. அது பந்தயமா, ஊர்வலமா? வெளிப் பாதைக்குத் தளர்ந்த மண் வேண்டும், தண்ணீர் வேண்டும். வேகமான பைக் அல்ல.

இதையெல்லாம் யாரிடம் சொல்ல? தம்பி ஸுஹைபிடம் சொன்னேன். அவன் அங்கே ஓடுகிறவன். “ராத்தா, நீங்க மஹ்ரூப் நானாவுக்குச் சொல்லுங்களன்” என்று சிரித்தான்.

26.05.2024, ஞாயிறு

உப்பளத்துப் பாத்திகளில் மாலை வெளிச்சம். கண்ணை மூடினால் உடம்பு இடப்பக்கம் சாய்கிறது.

02.06.2024, ஞாயிறு

மஹ்ரூப் நானா வீட்டுக்கே வந்தார். கனமூலைக் கழகத்தை இருபது வருடமாக நடத்துகிறவர். தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரைக்கும் மழையைப் பற்றியே கதைத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். ஜூலைப் பந்தயத்தைப் பார்க்கக் கொழும்புப் பந்தயச் சங்கத்திலிருந்து ஒருவர் வருகிறார். பிடித்துப்போனால் நாட்டுப் பந்தய அட்டவணையில் எங்கள் மைதானத்தையும் சேர்ப்பார்கள். சேர்த்தால் வெளியூர்க்காரர் வருவார்கள். சேர்க்காவிட்டால் இதுதான் கடைசி வருடம் என்று நினைக்கிறார்.

“மருத்துவத்துக்குப் பொறுப்பா ஓராள் வேணுமாம், தங்கச்சி. நீங்க நர்ஸ். பந்தயப் பைத்தியமும் கூட. வேற ஆரிட்ட போறது?”

முபாறக்கைப் பார்த்தேன். “அவ எப்பிடியும் வரத்தானே போறா. சும்மா நிக்காம வேலயச் செய்யட்டும்” என்றார்.

ஓம் என்றேன். இரண்டு விதிகளை எழுதி அங்கேயே கொடுத்தேன். நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லாத நேரம் ஒரு பைக்கும் ஓடக்கூடாது. நானா வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சூட்டோடு வெளிப் பாதை மண்ணைப் பற்றியும் சொல்லிவிட்டேன். தாளைக் கேட்டு வாங்கி, வளைவைப் படமாகவே கீறிக் காட்டினேன். மனிதர் பார்த்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

18.06.2024, செவ்வாய்

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள். ஸுஹைப் இறைச்சி கொண்டுவந்தான். கட்டார் விசா வந்துவிட்டதாம். ஜூலை முடிவில் பயணம். அப்படியென்றால் இதுதான் அவனுடைய கடைசிப் பந்தயம். ஆறு வருடமாக ஓடுகிறான். இரண்டு தரம் இரண்டாவது, ஒருதரமும் முதலாவதில்லை.

“இந்த முற எடுப்பன், ராத்தா.”

07.07.2024, ஞாயிறு

ஒத்திகை ஓட்டம் பார்க்கப் போனேன். கிரவலும் மணலும் கலந்து வெளி வளைவில் கொட்டி, பவுசரில் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். நான் கீறிய படம் மண்ணாகக் கிடக்கிறது! பாதையில் இரண்டு கழுதைகள் நின்றன, விரட்ட அரை மணித்தியாலம்.

ஸுஹைப் வெளிப்பக்கம் எடுத்தான். மண் அலையாக எழும்பியது. கடலோரக் களப்பின் காற்று அதை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அவன் அதற்குள் புகுந்து, காணாமல்போய், முன்னால் வந்தான். நான் கைதட்டவில்லை. தட்டினால் கலைந்துவிடும்போலிருந்தது.

13.07.2024, சனி

காயக்கட்டு, தோள்பட்டை வார், கழுத்துப் பட்டி, சேலைன். எல்லாம் சரி. நெஞ்சுதான் சரியில்லை.

15.07.2024, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று வேலைக்குப் போகவில்லை. ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

அவ்வளவு சனத்தைக் கனமூலையில் நான் கண்டதில்லை. வண்ணாத்திவில்லிலிருந்து லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களில் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். பதினாறு ஓட்டக்காரர்கள், அதில் ஆறு பேர் சிலாபத்திலிருந்து. கொழும்புக்காரர் குடைக்குக் கீழே கதிரையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

ஓட்டங்கள்... எப்படிச் சொல்ல? முந்தினார்கள். திரும்ப முந்தினார்கள். நான்காவதாக இருந்தவன் வெளிப் பாதையால் வந்து முதலாவதாக முடித்தான். சனம் எழும்பி நின்றது. நான் கண்ட கனவெல்லாம் பகல் வெளிச்சத்தில், மற்றவர்களும் பார்க்க, நடந்துகொண்டிருந்தது. இனி இந்தப் பந்தயம் சாகாது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

இறுதிக்கு முந்திய ஓட்டம். சம்பத் என்ற சிலாபத்துப் பொடியன் வெளிப் பாதையில் வந்தான். தளர்ந்த மண்ணில் பின்சக்கரம் திடீரென்று பிடித்தது. பைக் நிமிர்ந்து நேராகப் போயிற்று. பாதையோரம் அடுக்கியிருந்த பொச்சுமட்டைச் சாக்குகளை உடைத்துக்கொண்டு பின்னால் இருந்த வேலிக் கம்பத்தில் அடித்தான்.

ஓடினேன். இடுப்பெலும்பு. நினைவு இருந்தது. நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. சேலைன் ஏற்றி, இடுப்பை இறுக்கிக் கட்டி, ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ரேஸ் முடிந்ததா என்று சிங்களத்தில் கேட்டான். இல்லை, நீ கதைக்காதே என்றேன்.

ஆம்புலன்ஸ் போய்விட்டது. அரை மணித்தியாலத்தில் சாரதி போன் எடுத்துச் சொன்னார், அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், அதே வண்டிதான் போகிறது, இன்றைக்குத் திரும்பாது என்று. வேறு வண்டிக்கு ஐந்து இடத்தில் கேட்டோம். கிடைக்கவில்லை.

மிச்சம் இறுதி ஓட்டம் மட்டும்தான். நான்கு பேர் கோட்டில் நின்றார்கள். மூன்றாவது ஆள் என் தம்பி.

மஹ்ரூப் நானா வந்தார். “ஒரு நிமிஷம், தங்கச்சி. ஒரே ஒரு நிமிஷ ஓட்டம். அந்த மனிசன் பாத்துட்டுப் போயிருவார்.”

“ஆம்புலன்ஸ் இல்ல, நானா.”

“வேன் ஒண்டு நிக்கிது, அத...”

“வேன்ல இடுப்பு முறிஞ்சவன ஏத்தேலாது.”

சனம் கூக்குரலிட ஆரம்பித்தது. ஸுஹைப் பைக்கை விட்டு இறங்கி வந்தான். ஹெல்மட் கண்ணாடியைத் தூக்கினான். கண் மட்டும்தான் தெரிந்தது.

“ராத்தா, நான் விழமாட்டன்.”

சின்ன வயதில் மரத்தில் நின்றுகொண்டு சொல்கிற அதே குரல். ஓடு என்று சொல்ல என் வாய்க்கு எவ்வளவு ஆசை. அவன் அந்த மண் அலைக்குள் புகுந்து முன்னால் வருவதை நான் பார்த்துவிட்டேன்—நடக்காமலே பார்த்துவிட்டேன்.

“இல்ல தம்பி. ஓடேலா.”

சிவப்புக் கொடியை வாங்கிப் பாதைக்கு நடுவில் போய் நின்றேன். கொழும்புக்காரர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எழும்பினார். அஸர் தொழுகைக்குப் பிறகு மைதானத்தில் காற்று மட்டும்தான்.

17.07.2024, புதன்

சம்பத்துக்கு ஒபரேஷன் முடிந்தது. உயிருக்குப் பயமில்லை. நடப்பானா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

அந்த மண்ணைக் கேட்டது நான். படம் கீறிக் கொடுத்தது நான். நிறுத்தினது சரி என்று முபாறக் சொல்கிறார். சரி. ஆனால் தொடக்கிவைத்தது? எனக்கு அழகாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கு ஒருவனுடைய இடுப்பா?

20.07.2024, சனி

கடையில் ஒரு பொம்பளை இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. “இவதானே ரேஸ நிப்பாட்டின நர்ஸ். சொந்தத் தம்பிட ரேஸ.” இறுதி ஓட்டம் ஓடியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நடந்திருக்காமலும் இருக்கலாம். அதை இனி யாராலும் பார்க்க முடியாது. என்னாலும்தான்.

போனில் பந்தயம் பார்க்கவில்லை. ஒரு வாரம்.

29.07.2024, திங்கள்

ஸுஹைப் போய்விட்டான். உம்மாவைக் கட்டிப் பிடித்து அழுதான். முபாறக்குக்குக் கை கொடுத்தான். என்னிடம் வந்து, பையின் வாரைப் பார்த்துக்கொண்டு “போய்ட்டு வாறன்” என்றான். வேன் திரும்பும் வரைக்கும் நின்றேன். இடப்பக்கம் திரும்பியது.

08.09.2024, ஞாயிறு

இரண்டு மாதத்துக்குப் பிறகு மஹ்ரூப் நானா வந்தார். கையில் கொழும்புக் கடிதம். அட்டவணையில் சேர்க்கவில்லை. நான் நிறுத்தியதாலாக்கும் என்று நினைத்தேன். அவர் கடிதத்தை என்னிடமே நீட்டினார். வேலிக் கம்பங்கள் பாதைக்கு மிகவும் கிட்ட இருக்கின்றன என்று எழுதியிருந்தது. இறுதி ஓட்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“இருவது வருஷமா அந்தக் கம்பம் அங்கதான் நிண்டது. நானே நட்டது” என்றார். தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணியைக் கலக்கினார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

நான் நினைத்ததைச் சொன்னேன். கம்பத்தைப் பிடுங்குவோம். சாக்கு மூன்று வரிசை. ஆம்புலன்ஸ் இரண்டு. அட்டவணை இல்லாவிட்டாலும், ரோட்டில் ஓடுகிற எங்கள் பொடியன்களுக்காவது ஓட ஓரிடம் வேண்டும்.

“ஆள் வருமா, தங்கச்சி?”

“தெரியா, நானா.”

21.11.2024, வியாழன்

மழை. மைதானம் முழுக்கத் தண்ணீர். நீள்வட்டம் ஒரு சின்னக் களப்புபோலக் கிடக்கிறது, அதன்மேல் கொக்குகள்.

09.03.2025, ஞாயிறு

நோன்பு. லுஹர் தொழுகைக்குப் பிறகு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஊன்றுகோலுடன் சம்பத்! சிலாபத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறான். நோன்பு என்று தெரிந்து தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டான். வளைவைப் பார்க்க வேண்டுமாம்.

முபாறக் ஓட்டோவில் கூட்டிப்போனார். அந்த இடத்தில் நெடுநேரம் நின்றான். நான் சொல்ல நினைத்ததைச் சொன்னேன், சிங்களத்திலும் தமிழிலும் கலந்து. மண் என் யோசனை, மன்னித்துக்கொள் என்று.

ஊன்றுகோலால் மண்ணைக் கிளறினான். “மண் நல்லம், மிஸ். நான் அவசரப்பட்டு எக்ஸலேட்டர் முறுக்கினது. மண் எடுக்க வேணாம். கம்பம் மட்டும் எடுங்க.”

இனி ஓடமாட்டானாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். திரும்பி வரும்போது, களப்பு வெள்ளையாக மினுங்கியது. மன்னிப்புக் கிடைத்த மாதிரியும் இருக்கிறது, கிடைக்காத மாதிரியும் இருக்கிறது. ஏழு மாதத்துக்கு மேலாகப் பார்க்காத பந்தயத்தை இன்று போனில் போட்டேன். பாதியில் வைத்துவிட்டேன்.

22.06.2025, ஞாயிறு

கட்டாரிலிருந்து குரல் செய்தி. உம்மாவுக்கல்ல, எனக்கு. ஆறு செக்கன். “ராத்தா, இந்த முற எத்தின பேர் ஓடுறாங்க?”

நாலைந்து தரம் கேட்டேன். பிறகு, “இதுவரைக்கும் ஒம்பது பேர். அதுல நாலு பேர் ரோட்டுல ஓடித் திரிஞ்சவங்க” என்று அனுப்பினேன்.

20.07.2025, ஞாயிறு

பந்தயம் முடிந்து வந்து இப்போதுதான் குளித்தேன். காதுக்குள் இன்னும் மண்.

பன்னிரண்டு பேர் ஓடினார்கள். கொழும்பிலிருந்து யாருமில்லை. சனம் போன வருடத்தில் பாதி இருக்கும். வெளி வளைவில் அதே மண். கம்பங்கள் இருந்த குழிகளை மூடியாயிற்று. இரண்டு ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சருக்கு நால்வர், எனக்குத் துணையாக வார்டில் வேலை செய்யும் ஸக்கியா.

காலையிலிருந்து வளைவடியிலேயே நின்றேன். மூன்று பேர் விழுந்தார்கள். சாக்குக்குள் புதைந்து, இருமிக்கொண்டு எழும்பி வந்தார்கள். ஒருவனுக்கு மணிக்கட்டு.

இறுதி ஓட்டம் அஸருக்கு முன்னால். நான்கு பேரும் ஒன்றாக வளைவுக்குள் வந்தார்கள். மெதுவாகவில்லை, ஒன்றும் மெதுவாகவில்லை. பின்சக்கரங்களைப் பார்த்தேன், சாக்கு வரிசையைப் பார்த்தேன், ஆம்புலன்ஸ் சாரதி இருக்கையில் இருக்கிறாரா என்று பார்த்தேன். நான்கு தரம் அப்படியே. பிறகு சனம் ஒரேயடியாகக் கத்திக்கொண்டு எழும்பியது. புழுதி அடங்கும் வரைக்கும் எண்ணினேன். நான்கு பைக், நான்கு ஹெல்மட், எல்லாம் நிமிர்ந்து.

ஸக்கியா துள்ளிக்கொண்டு என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“ஆரு வெண்டது?” என்று அவளிடம் கேட்டேன்.