ஜவ்வரிசி அளவு நீர்க்கட்டி

பொன்னேரி
14.9.2006

இன்னும் பெயர் வைக்காத என் செல்ல மகனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எனக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, வயிற்றுத் தையல்தான் இழுக்கிறது. சென்னை ஆஸ்பத்திரியில் அந்த நீல விளக்குக்குக் கீழே நீ சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பிறந்த எட்டு நாளில் இரண்டு நாள் உன்னைப் பிரிந்தாயிற்று. கண்ணை மூடினால் அறையெல்லாம் நீலமாகிவிடுகிறது, பழவேற்காட்டு ஏரிக்கு அடியில் நீ மிதக்கிறாய், மூத்திரம் போகிற நுனியில் இருக்கிற அந்தக் கட்டியும் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி உன்னோடு மினுங்கிக்கொண்டே வருகிறது, நான் கை நீட்டினால் தண்ணீர் உன்னைத் தள்ளிக்கொண்டு போகிறது. ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. வாப்பாவின் அக்கா பரீதா மாமி, கொப்புளம்தானே, குத்திவுட்டா வடிஞ்சிரும் என்று ஊசியைத் தீயில் காட்டிக்கினு வந்தபோது உன் காலைப் பிடித்துக்கொண்டது நான்தான். காலேஜில் தவளையின் சிறுநீரகத்தை வரைந்து மார்க் வாங்கினவள் நான்! அந்த நேரம் ஷிஃப்ட் முடிந்து உள்ளே வந்த வாப்பா, இன்னா பண்றீங்க ரெண்டு பேரும் என்று கத்தியதில் ஊசி கீழே விழுந்தது. உன் கண் மஞ்சளாக இருப்பதையும் அவர்தான் பார்த்தார், அப்படியே தூக்கிக்கினு ஓடினார்.

மஞ்சள் காமாலை விளக்கிலேயே இறங்கிவிடுமாம். கட்டியும் பிறவியிலேயே வந்த சாதுக் கட்டிதானாம், யாரும் தொடக்கூடாது, பெரும்பாலும் தானாகவே போய்விடும் என்றாராம் டாக்டர். மூத்திரம் நேராகப் பாய்ந்தால் சும்மா விட்டுவிடலாம், முக்கி அழுது சொட்டுச் சொட்டாகப் போனால்தான் ஆபரேஷன். இங்கே இருந்தவரை ஈரத்துணியைத்தான் பார்த்தேன், நீ மூத்திரம் போவதை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லையே என்று அதையே நினைத்துக்கினு கிடந்தேன். இதோ இதை எழுதும்போதே வாப்பா போன் செய்தார். நர்ஸ் சாராள் துணி மாற்ற உன்னை அவர் கையில் கொடுத்தாளாம், நீ அழாமல் முக்காமல் ஒரே கோடாக அவர் சட்டைப் பாக்கெட்டில் அடித்துவிட்டாயாம். ரயில் சீசன் டிக்கெட் ஊறி, கும்மிடிப்பூண்டி என்கிற எழுத்தே கரைந்துவிட்டதாம். கம்பெனிக்கு லீவு குடுத்துட்டான் உன் புள்ள என்று சிரித்தார். டாக்டரும் பார்த்துவிட்டாராம், இப்போதைக்குக் கத்தி வேண்டாமாம்.

நாளைக் காலை ரயிலில் பரீதா மாமி இந்தக் கடிதத்தோடு வருவாள், வாப்பா உன் காதில் படிப்பார். மாமியைக் கண்டு பயப்படாதே, கையில் பால் பாட்டில்தான் இருக்கும், அன்றிலிருந்து அவளும் சரியாகச் சோறு தின்னவில்லை. வேளாவேளைக்குக் குடி, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். அந்த டிக்கெட்டைக் கழுவாமல் காயவைத்துக் கொண்டுவர வாப்பாவுக்கு ஞாபகப்படுத்து.

இனி உன் காலைப் பிடித்தால் முத்தம் கொடுக்க மட்டுமே பிடிக்கும்,
உன் உம்மா
மாஹிரா