சிவப்பு நூல் கட்டாத பை

இன்று காலை ஒரு சொல்தா வீட்டிலிருந்து அட்டைப்பெட்டி நிறைய மருந்து வந்தது அக்கா. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர்களைச் சொல்தா என்போமே, அந்தப் பெரியவர் இறந்துபோய்விட்டார். "யாருக்காவது உதவும் சார்" என்று மிச்ச மாத்திரைகளை மகள் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாவற்றிலும் பிரெஞ்சு எழுத்து. இன்னொருவர் வீட்டு மிச்ச மருந்தை யாருக்கும் கொடுக்க முடியாது, எரிக்கத்தான் அனுப்ப வேண்டும். உங்கள் ஞாபகம்தான் வந்தது.

முத்தியால்பேட்டை நர்சிங் ஹோமில் நான் மருந்தாளுநர், நீங்கள் துப்புரவு வேலை. சாதாரணக் குப்பைக்கும் வீணான மருந்துக்கும் ஒரே கருப்புப் பைதான். மருந்தை எரிக்கக் கொண்டுபோகத் தனி வண்டி வரும். இரண்டும் மாறிவிடக் கூடாதென்று மருந்துப் பையின் வாயில் நீங்கள் சிவப்பு நூல் கட்டுவீர்கள். "எல்லாம் கருப்பா இருந்தா எது எதுன்னு எப்டி சார் தெரியும்?" என்பீர்கள். நான் சிரிப்பேன். பெரிய படிப்பு படித்தவன் அல்லவா.

அன்றும் இப்படித்தான் ஒரு பெட்டி வந்தது. நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்ற அவசரத்தில் நானே எல்லாவற்றையும் பையில் கொட்டிப் பின்வாசலில் வைத்தேன். நூல் கட்டவில்லை. குப்பை என்று நினைத்து யாரோ தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். அங்கே விளையாடிய குழந்தை மிட்டாய் என்று சிவப்பு மாத்திரைகளை விழுங்கிவிட்டது. நம்மிடமே தூக்கி வந்தார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது.

"பைய யாரு வெச்சது?" என்று டாக்டர் கத்தினார்.

"நூலு கட்டாம நான் வெக்க மாட்டேன் டாக்டர்" என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து இன்சுலின் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. கோழை அக்கா நான், சுத்தக் கோழை. மறுநாள் உங்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் பெரிய மார்க்கெட்டில் பூ கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், நீங்கள்தான் கூப்பிட்டீர்கள்.

"இப்பவும் பைக்கு நூலு கட்றீங்களா சார்?"

"கட்றோம்க்கா" என்றேன். பொய். நீங்கள் போன பிறகு யாருமே கட்டவில்லை. கூடையிலிருந்து ஒரு சிவப்பு நூல்கண்டை எடுத்து, "வெச்சிக்குங்க, அங்க தீந்து போயிருக்கும்" என்று கையில் கொடுத்தீர்கள். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பூ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன மாதம் நீங்கள் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இன்று அந்தப் பெட்டியைப் பையில் போட்டு, உங்கள் நூலைக் கட்டினேன். டாக்டரிடம் போய், அன்றைக்குப் பையை வைத்தது நான்தான் என்றேன். "பழைய கதை, இப்ப எதுக்குய்யா?" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

திரும்பி வந்து பார்த்தால் முடிச்சு தளர்ந்திருந்தது. உங்களைப் போல் இறுக்கிக் கட்ட எனக்கு வரவில்லை அக்கா. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினேன்.