சீருடையில் வந்த மரிசோல்

எல் பாஸோ, தவக்காலம்

அன்புள்ள ஜெனிவீவ்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? எழுதப்போவது: 1. என் உடல்நலம். 2. பள்ளியின் பிறரன்பு நாள் நன்றாக நடந்தது. 3. ஒரு வேண்டுகோள்.

நலமாக இருக்கிறேன்.

ஏழைகளுக்கு உணவு டின் கொண்டுவரும் பிள்ளைகள் அன்று சீருடை இல்லாமல் வரலாம். மூன்றாம் வகுப்பு மரிசோல் மட்டும் சீருடையில் வந்தாள். "டின்னை மறந்துட்டியாம்மா?" என்று எல்லோர் முன்னும் சிரித்தபடி கேட்டேன்.

"மொத ஆளா வந்து பெட்டியில ரெண்டு டின் போட்டா சார், நீங்க பேப்பர்ல மூழ்கிட்டு இருந்தீங்க!" என்றாள் பக்கத்திலிருந்த லூப்பே.

மரிசோல் பாவாடையை நீவிக்கொண்டு, "எங்கிட்ட இருக்கறதுல இதுதான் சார் நல்ல டிரெஸ்" என்றாள்.

என் நீலக் கம்பளிச் சட்டையை அனுப்பு. துவைக்க வேண்டாம், நம் வீட்டு வாசனை இருக்கட்டும்.

தபால் போகும் நேரம். நன்றாக நடந்தது என்று இரண்டாவதாக எழுதியது தவறு, ஜெனிவீவ். அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

உன்,
கிளெமென்ட்