பலாலியிலிருந்து ஒரு மணித்தியாலம்

நவம்பர் 10, திங்கள்

வாடைக்காற்று. துணி காயவில்லை. வெள்ளிக்கிழமை திருச்சியில் அக்காவுக்கு இருதய ஒப்பரேசன். அவள் மகள் இன்றைக்கும் போனில் அழுகிறாள்: "அம்மா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க சித்தி. தங்கச்சி நேர்ல வரட்டும்னு பிடிவாதம்."

தொண்ணூறில், சண்டைக்குப் பயந்து வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனவள். அதன்பிறகு போனில்தான் முகம். சரியான அடம். கோபம் கோபமாய் வருகிறது. ஆனாலும் போவேன்.

விசா போன கிழமையே வந்துவிட்டது. கனடாவிலிருந்து மகன் வியாழனுக்கு ரிக்கற் போட்டிருக்கிறான். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சி. படமும் அனுப்பினான், கடலுக்கு மேலே சின்னக் கோடு. "ஒரு மணித்தியாலம்தான் அம்மா. அண்டைக்குக் காலமை வெளிக்கிட்டால் காணும்." இந்த நெடுந்தீவில் பிறந்த பிள்ளை, தீவை விட்டு வெளிக்கிடும் படகை மறந்துபோனான்!

நவ. 11, செவ்வாய்

காற்று கூடுகிறது. இன்றே வெளிக்கிடுகிறேன் என்றேன். இவருக்குச் சிரிப்பு. "வியாழக்கிழமைப் பிளேனுக்கு இப்பவே போய் என்னப்பா செய்யப்போறீர்?"

"படகு நிண்டால் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு நீந்திப் போறதோ?"

எடுத்தவை: பாஸ்போட், பனங்கிழங்கு ஒடியல் மா, பனம்பழப் பினாட்டு, அக்காவுக்கு ஒரு சேலை. கருவாடு பிளேனில் மணக்குமாம். வைத்துவிட்டேன், அடியில். ஆடுகளுக்குத் தண்ணீர் இவர் பொறுப்பு. மறப்பார்.

நவ. 12, புதன்

யாழ்ப்பாணம், மச்சாள் வீடு. காலையில் இவர் போன் எடுத்தார். "இண்டைக்குப் படகு ஓடேல்லை. நீர் சொன்னது சரிதான்." கலியாணம் கட்டி இப்போதுதான் இந்த வசனம் கேட்கிறேன். மச்சாளிடம் இரண்டு தரம் சொன்னேன்.

நவ. 13, வியாழன்

பலாலி. நல்ல மழை. கதிரையில் இருந்து இருந்து இடுப்பு நோ. பிறகு வந்து சொன்னார்கள், காலநிலை சரியில்லை, இன்றைக்குப் பிளேன் இல்லை. நாளைக்கும் நிச்சயமில்லை.

கழிப்பறைக்குள் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு மகனுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, மாமி வீட்டை திரும்பிப் போங்கோ."

"ஏலாது. கொழும்புப் பக்கம், கட்டுநாயக்காவிலயிருந்து ரிக்கற் போடு."

அங்கிருந்தும் ஒரு மணித்தியாலம்தானாம். அங்கே போய்ச் சேரத்தான் இரவு முழுக்க பஸ். வடக்கே போவதற்குத் தெற்கே போகிறேன். பக்கத்துச் சீற் ஆள் இப்போதே குறட்டை.

நவ. 14, வெள்ளி

திருச்சி. வெயில். பிளேனில் காது அடைத்தது; தேத்தண்ணீர் குடித்து முடிக்குமுன் இறக்கம். நேரே ஆஸ்பத்திரி.

கட்டிலில் ஒரு கிழவி. கிட்டப்போனபிறகுதான் அக்கா என்று தெரிந்தது. என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். நேர்ஸ் பக்கம் கையை நீட்டினாள்.

"பேனையைத் தாங்கோ."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எனக்குக் கண் மறைத்தது.

தள்ளிக்கொண்டு போகும்போது கதவுவரை என் கையை விடவில்லை. "இதிலையே இரு. எங்கையும் போயிடாதை." தொண்ணூறில் விட்டுப் போனவள் யார்? வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன்.

கதவைச் சாத்திவிட்டார்கள். கதவடியில் மர வாங்கில் இருக்கிறேன்.